தெரு உங்கள் வீட்டைத் தள்ளுகிறதா? வண்டிப்பாதையிலும் அஸ்திவாரத்திலும் பார்க்க வேண்டிய தடயங்கள்

கார் ஷெட் சுவரில் விரிசல், வந்து பாருங்கள் என்று கூப்பிடுவார்கள். நான் போனதும் சுவர்ப் பக்கமே திரும்பாமல் தெருவில் போய் நிற்பேன். "சார், விரிசல் உள்ளே இருக்கு" என்பார் வீட்டுக்காரர். இருக்கட்டும், அது எங்கேயும் ஓடிவிடாது. சிமெண்ட் ரோடா தார் ரோடா, வீடு வளைவில் இருக்கிறதா, தெரு எங்கே போய் முடிகிறது என்பதெல்லாம் தெரியாமல் சுவரைப் பார்த்தால் பாதி விஷயம்தான் கிடைக்கும்.

விரிசலைப் பார்த்துக் காரணம் சொல்வது என் தொழில். அஸ்திவாரம் இறங்கிவிட்டது என்று யாரோ சொல்லி, அதற்கடியில் புதுசாகக் கான்கிரீட் கொடுக்க விலை வரை பேசி வைத்திருப்பார்கள். போய்ப் பார்த்தால் அஸ்திவாரம் ஒரு நூல்கூட இறங்கியிருக்காது. தெருவின் கான்கிரீட், தெருவிலிருந்து ஷெட்டுக்குப் போகும் வண்டிப்பாதையைத் தள்ளியிருக்கும், வண்டிப்பாதை ஷெட்டின் தரையைத் தள்ளியிருக்கும், தரை சுவரைத் தள்ளியிருக்கும். இது எல்லா வீட்டுக்கும் வரும் கோளாறு இல்லை. ஆனால் வந்த வீட்டில் பெரும்பாலும் தப்பாகத்தான் கண்டுபிடிக்கப்படுகிறது. மண்மேல் பழி போடுவது சுலபம், மண் மறுத்துப் பேசாது.

தெரு எப்படி நகர்கிறது

கான்கிரீட் வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் ஒரு மீட்டருக்குச் சுமார் 0.01 மில்லிமீட்டர். கேட்டால் சிரிப்பு வரும். 100 மீட்டர் தெருவை எடுத்துக்கொண்டு, குளிர்கால விடியலுக்கும் கோடைப் பிற்பகலுக்கும் 30 டிகிரி வித்தியாசம் என்று கணக்குப் போடுங்கள்: 30 மில்லிமீட்டர். சிரிப்பு நின்றுவிடும்.

சிமெண்ட் ரோட்டைப் பலகை பலகையாக (ஸ்லாப்) போட்டு, சில மீட்டருக்கு ஒரு ஜாயிண்ட், அதாவது இடைவெளி, விட்டிருப்பார்கள். குளிரில் அது திறக்கும், கோடையில் மூடும். இந்த மட்டில் தொல்லை இல்லை. தொல்லை மணலில் ஆரம்பிக்கிறது. திறந்திருக்கும் ஜாயிண்டுக்குள் மணலும் பொடிக்கல்லும் போய் உட்கார்ந்துவிடும். கோடை வந்து ஸ்லாப் நீளப் பார்த்தால் பழைய இடம் காலியாக இல்லை. கல் நசுங்காது, கான்கிரீட்டும் விட்டுக்கொடுக்காது. எந்தப் பக்கம் எதிர்ப்புக் குறைவோ அந்தப் பக்கம் ஸ்லாப் வரிசை முழுக்க நகரும். அடுத்த குளிரில் மறுபடி திறப்பு, மறுபடி மணல். ஜாக்கியின் பல் மாதிரி, ஏறுவதோடு சரி, இறங்குவது கிடையாது. ஒரு வருடத்து நகர்வு கண்ணில் படாது. பல வருடம் சேர்ந்த பிறகுதான் சுவர் காட்டிக்கொடுக்கும்.

நேரான தெருவின் நடுவில் இருக்கும் வீட்டுக்குப் பொதுவாக இதில் பயம் இல்லை, ஏனென்றால் தெரு தன் நீளவாக்கில்தான் தள்ளும், உங்கள் வாசலை நோக்கித் தள்ளாது. மாட்டிக்கொள்வது இரண்டு இடங்கள். ஒன்று, வளைவின் வெளிப்பக்கத்து வீடுகள். நீளப் பார்க்கும் வளைவு வெளிப்பக்கமாகத்தான் பிதுங்கும். இன்னொன்று, நீளமான தெரு போய் முட்டும் இடத்துக்கு நேர் எதிரே இருக்கும் வீடு. அங்கே தெருவின் மொத்தத் தள்ளலும் நேரே வாசலுக்கு வந்து சேருகிறது. இந்த இரண்டு இடத்திலும் வீடு வாங்குகிறவர்கள் பெயிண்டைப் பார்க்கும் முன் வண்டிப்பாதையைப் பாருங்கள்.

வீட்டுச் சுவர் தாங்கிப் பிடிக்காதா என்று கேட்பார்கள். 3 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் கனத்தில் ஒரு வண்டிப்பாதை. அது நீளவே முடியாதபடி இரண்டு முனையையும் இறுக்கிப் பிடித்துவிட்டு 30 டிகிரி சூடேற்றினால், கணக்குப்படி 200 டன்னுக்கு மேல் விசை வருகிறது. நிஜத்தில் எங்காவது கொஞ்சம் தளர்வு இருக்கும், அதனால் அவ்வளவு முழுதாக வராது. அதில் பத்தில் ஒரு பங்கு வந்தாலும் ஷெட் வாசலின் ஓரத் தூணுக்கு அது மிக அதிகம்.

தார் ரோடு இப்படித் தள்ளாது. அது வெப்பத்தில் இளகி அதற்குள்ளேயே அமுங்கிக்கொள்ளும். ஆனால் ஒரு எச்சரிக்கை: பழைய சிமெண்ட் ரோட்டின் மேல் தார் போட்டு மூடிய தெருக்கள் உண்டு. தார்மேல் தெருவின் குறுக்கே, சீரான இடைவெளியில், நேர்கோடாக விரிசல்கள் வரிசையாகத் தெரிந்தால் அடியில் கான்கிரீட் ஸ்லாப் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அதன் ஜாயிண்ட்கள்தான் மேலே தெரிகின்றன.

தெருவிலிருந்து உள்ளே வாருங்கள்

பார்க்கும் வரிசை முக்கியம். தள்ளல் வந்த வழியிலேயே நடந்து வர வேண்டும்.

முதலில் ரோட்டு ஓரத் திட்டும் உங்கள் வண்டிப்பாதையும் சேரும் இடம். கட்டும்போது அங்கே ஒரு விரல் கனத்துக்கு இடைவெளி விட்டு, அமுங்கக்கூடிய அட்டையோ நுரையோ வைத்திருப்பார்கள். ஒரு நாணயத்தை எடுத்து அந்த ஜாயிண்டில் நுழைத்துப் பாருங்கள். நுழையவில்லை, கான்கிரீட்டும் கான்கிரீட்டும் நேருக்கு நேர் முட்டிக்கொண்டிருக்கிறது என்றால் அது முதல் தடயம். இரண்டாவது, அந்த அட்டை நசுங்கி மேலே நாக்கு நீட்டியிருக்கும். குனிந்து பார்த்தால் வண்டிச் சக்கரம் ஏறி ஏறி அந்த நாக்கின் நுனி வழவழப்பாகக் கறுத்திருப்பதும் தெரியும். மூன்றாவது, ஜாயிண்டின் இரண்டு உதட்டிலும் மேற்பரப்பு மட்டும் சில்லு சில்லாகப் பெயர்ந்திருக்கும். பாரம் ஏறி உடைந்த கான்கிரீட் பெரிய துண்டாக உடையும், மூலை போகும். இப்படி ஜாயிண்ட் நெடுக மேல்தோல் மட்டும் பெயர்ந்தால் அது நெருக்கித் தெறித்தது.

அடுத்து நடைபாதை. உங்கள் வீட்டுக்கு முன்னால் போகும் நடைபாதையின் ஓரத்தை, பக்கத்து வீட்டு வாசல் வரை நூல் பிடித்துப் பாருங்கள். வண்டிப்பாதை குறுக்கே போகும் இடத்தில் மட்டும் நடைபாதை ஸ்லாப் வீட்டுப் பக்கமாக உள்ளே போயிருந்தால், இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. மண் இறங்கினால் ஸ்லாப் கீழேதான் போகும், பக்கவாட்டில் வீட்டை நோக்கி நகராது.

வண்டிப்பாதையின் நடுவில் இரண்டு ஸ்லாப்கள் முட்டும் இடத்தில் கூடாரம் மாதிரி எழும்பியிருக்கிறதா என்று பாருங்கள். கடும் வெயில் நாளில் திடீரென்று எழும்பி உடைவதும் உண்டு. ஒருவிதத்தில் அது நல்லதுதான், அழுத்தம் அங்கேயே செலவாகிவிட்டது, சுவர் வரை வரவில்லை. எழும்பாமல் சமர்த்தாகக் கிடக்கும் வண்டிப்பாதைதான் முழு விசையையும் உள்ளே கடத்துகிறது.

இனி ஷெட் வாசல். வண்டிப்பாதையும் ஷெட் தரையும் சேரும் இடத்தில் இடைவெளி மூடியிருக்கிறதா, ஒன்று மற்றொன்றின் மேல் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு உள்ளே போய் ஷெட்டின் பின்சுவர் ஓரம். வாசல் பக்கம் இறுகி, பின்சுவர் பக்கம் தரையின் பூச்சு நொறுங்கியிருந்தால் தரை முழுக்க ஒரே பலகையாக உள்ளே நகர்ந்திருக்கிறது. தரையைத் துளைத்து மேலே வரும் தண்ணீர்க் குழாய் இருந்தால் அதையும் பாருங்கள். குழாயின் ஒரு பக்கம் கான்கிரீட் ஒட்டி நெருக்கி, மறுபக்கம் பிறைபோல இடைவெளி விழுந்திருக்கும். எந்தப் பக்கம் பிறை இருக்கிறது என்பதிலிருந்தே நகர்ந்த திசை தெரிந்துவிடும். வாசலிலிருந்து உள்ளே நகர்ந்த தரையென்றால் குழாயின் வாசல் பக்கம் இறுகியிருக்கும், பிறை உள்பக்கம் விழுந்திருக்கும்.

சுவரில் பார்க்க வேண்டியது

இப்போது சுவர். ஷெட் வாசலின் இருபுறத் தூண்களில், தரை மட்டத்தை ஒட்டிய செங்கல் வரிசைகளைக் கண்ணால் பார்ப்பதைவிடக் கையால் பாருங்கள். உள்ளங்கையைச் சுவரில் வைத்து மேலிருந்து கீழே மெல்ல இழுத்துக்கொண்டு வாருங்கள். தள்ளப்பட்ட தூணில் கல் வரிசைகளுக்கு நடுவே படுக்கையாக ஓடும் கலவை ஜாயிண்ட் ஒன்றில் விரல் சட்டென்று தடுக்கும். அதற்குக் கீழே இருக்கும் கல் வரிசை உள்ளே போயிருக்கும், மேலே இருப்பது பழைய இடத்தில் நிற்கும். பூச்சுப் பூசிய சுவரானால் அந்த மட்டத்தில் பூச்சு நேர்கோடாகப் படுக்கையில் வெடித்திருக்கும். ரசமட்டத்தை நட்டமாக வைத்தால் தூணின் அடி உள்ளே இழுத்திருப்பது தெரியும். தூக்குக்குண்டு இருந்தால் இன்னும் நல்லது.

தூணிலிருந்து வீட்டுச் சுவர் நோக்கிப் படிக்கட்டாகப் போகும் விரிசலும் வரும். இதுதான் எல்லோரையும் குழப்புவது, ஏனென்றால் அஸ்திவாரம் இறங்கினாலும் படிக்கட்டு விரிசல்தான் வரும். வித்தியாசம் விரிசலின் இரண்டு உதட்டில் இருக்கிறது. ஒரு பக்கம் மற்றதைவிடக் கீழே போயிருந்தால் இறக்கம். இரண்டும் ஒரே உயரத்தில் இருந்து, ஒன்று மற்றதைவிட உள்ளே அல்லது பக்கவாட்டில் போயிருந்தால் தள்ளல்.

ஷெட்டுக்குப் பக்கத்தில் நிலத்தடி அறை இருக்கும் வீடுகளில் அந்த அறையின் சுவரையும் மறக்காதீர்கள். ஷெட் தரையின் மட்டத்தில் படுக்கையாக ஒரு விரிசல், சுவர் அங்கே உள்பக்கமாகப் பிதுங்கல் என்றால் கவனிக்க வேண்டும். ஆனால் ஈர மண்ணின் அழுத்தத்திலும் இதே மாதிரி வரும். மண் அழுத்தினால் அந்தச் சுவர் நெடுக வரும், தரை தள்ளினால் ஷெட் தரை தொடும் நீளத்துக்கு மட்டும் வரும்.

வாசற்படிக்கு நேரே போகும் கான்கிரீட் நடையும் இதே வேலையைச் செய்யும். அதற்குத் தனியாக எழுத ஒன்றும் இல்லை, ஷெட்டுக்குச் சொன்னதையே அங்கேயும் பாருங்கள்.

வேறு எதுவாக இருக்கலாம்

வீட்டை நோக்கிச் சரிந்த வண்டிப்பாதை, தெரு தள்ளாமலே, தன் எடையில் மெல்லக் கீழே வழுக்கி வந்து ஷெட்டை முட்டும். ஷெட் வாசலில் தடயங்கள் எல்லாம் அப்படியே ஒத்துப்போகும். பிரித்துச் சொல்வது தெருமுனை ஜாயிண்ட் ஒன்றுதான்: தெரு தள்ளினால் அது இறுகியிருக்கும், வண்டிப்பாதை வழுக்கினால் அது வாய் பிளந்திருக்கும். தெருவில் ஆரம்பியுங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

களிமண் பூமியில் விரிசல் மழைக்கு மூடும், வறட்சிக்குத் திறக்கும். அதன் நாட்காட்டி மழைதான், வெயில் இல்லை. மரவேர் என்றால் ஓரிடத்தில் மட்டும் தூக்கியிருக்கும், அருகில் மரமும் நிற்கும். கான்கிரீட் போட்ட சில மாதங்களில் வரும் மயிரிழை விரிசல்கள் உலர்ந்து சுருங்கியதால் வந்தவை, அவற்றுக்காகத் தூக்கம் கெடுக்க வேண்டாம். கான்கிரீட் முழுக்க வலைபோல வெடித்து, ஈரம் படும் இடத்தில் அதிகமாக இருந்தால், உள்ளே சிமெண்டின் காரமும் ஜல்லியும் சேர்ந்து வினை புரிந்து கான்கிரீட்டே பருத்துக்கொண்டிருக்கலாம். அதுவும் தள்ளும், ஆனால் ஜாயிண்ட் வெட்டினால் மட்டும் நிற்காது. ஆய்வகத்தில் துண்டு எடுத்துப் பார்க்க வேண்டிய சமாசாரம் அது.

அளந்து வையுங்கள்

சந்தேகம் வந்துவிட்டால் அடுத்த வேலை அளப்பது. விரிசல்மேல் பென்சில் கோடு போட்டுத் தேதி எழுதுவது நல்ல பழக்கம், ஆனால் அது நீளம் கூடுகிறதா என்று மட்டும்தான் சொல்லும். எனக்குப் பிடித்த முறை மூன்று திருகாணி. விரிசலுக்கு ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் ஒன்று, முக்கோணமாகத் தலை மட்டும் வெளியே தெரியும்படி பதித்துவிடுங்கள். வெர்னியர் அளவுகோல் வைத்து மூன்று இடைவெளியையும் 0.1 மில்லிமீட்டர் வரை அளக்கலாம். இரண்டு ஆணி மட்டும் இருந்தால் விரிசல் அகலமானது தெரியும், சறுக்கியது தெரியாது. மூன்று இருந்தால் இரண்டும் தெரியும், நமக்கு வேண்டியது சறுக்கல்தான்.

மாதம் ஒருமுறை போதும். ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் அன்றைய வெப்பநிலையையும் மழை பெய்ததா என்பதையும் எழுதுங்கள். முடிந்தால் குளிரான விடியலில் ஒன்று, உச்சி வெயில் தாண்டி ஒன்று. கோடையில் கூடிக் குளிரில் அதே அளவுக்குத் திரும்பினால் அது கான்கிரீட்டின் மூச்சு, விட்டுவிடலாம். கோடையில் கூடி, குளிரில் பாதிதான் திரும்பி, அடுத்த கோடையில் அங்கிருந்து மேலே ஏறினால் நீங்கள் தேடியது கிடைத்துவிட்டது. இதற்கு ஒரு வருடமாவது பொறுமை வேண்டும். தெருமுனை ஜாயிண்ட், ஷெட் வாசல் ஜாயிண்ட் இரண்டையும் அதே நோட்டில் அளந்து வையுங்கள். ஒரே இடத்திலிருந்து, பக்கத்தில் ஸ்கேல் வைத்து, தேதியோடு போட்டோவும் எடுங்கள். தெரு உள்ளாட்சியின் சொத்து, உங்கள் சொத்து இல்லை. நாளைக்கு அவர்களிடம் பேசப் போகும்போது "ரொம்ப நாளாகவே இப்படித்தான்" என்ற பேச்சுக்கு மதிப்பில்லை, நோட்டுக்கு உண்டு.

எவ்வளவு அகலம் ஆபத்து என்பதற்கு பிரிட்டனின் கட்டட ஆராய்ச்சி நிலையம் சுவர்களுக்காக வகுத்த அளவுகோல் பல நாட்டு எஞ்சினியர்களும் பயன்படுத்துவது: 1 மில்லிமீட்டர் வரை மிக லேசு, 5 வரை லேசு, 5 முதல் 15 வரை நடுத்தரம், 15 முதல் 25 வரை கடுமை, அதற்கு மேல் மிகக் கடுமை. ஆனால் ஷெட் வாசலுக்கு மேலே இருக்கும் லிண்டலின் முனை தூணில் உட்காரும் இடத்தில் நழுவியிருந்தாலோ, தரைவழியாக வரும் எரிவாயுக் குழாய் நெருக்கப்பட்டிருந்தாலோ மில்லிமீட்டர் கணக்கெல்லாம் வேண்டாம். அந்த வாசலைப் பயன்படுத்தாமல் உடனே ஆளைக் கூப்பிடுங்கள்.

சரி செய்யும் வரிசை

சுவரை முதலில் பூசாதீர்கள். விரிசலில் எபாக்சி என்ற பசையை ஏற்றினால் அது கான்கிரீட்டைவிட வலுவாக ஒட்டும், தள்ளல் நிற்காததால் பக்கத்தில் புதிதாக வெடிக்கும். அதைவிட மோசம், ஜாயிண்ட் அசிங்கமாக இருக்கிறதென்று சிமெண்ட் கலவையால் அடைப்பது. மிச்சமிருந்த கொஞ்சநஞ்ச தளர்வையும் நம் கையாலேயே மூடிவிடுகிறோம். எத்தனையோ வீட்டில் கொத்தனார் நல்ல மனசோடு இதைச் செய்து வைத்திருப்பார்.

முதல் வேலை அழுத்தத்தை விடுவிப்பது. வண்டிப்பாதையின் குறுக்கே, தெருமுனைக்கு அருகில், முழு அகலத்துக்கும் முழு ஆழத்துக்கும் இரண்டு வெட்டுப் போட்டு, நடுவில் 5 முதல் 10 சென்டிமீட்டர் பட்டையை எடுத்துவிட வேண்டும். பாதி ஆழம் வெட்டினால் பிரயோஜனம் இல்லை. உள்ளே கம்பி வலை இருந்தால் அதுவும் அறுபட வேண்டும். வெட்டும் இடம் உங்கள் எல்லைக்குள் இருக்கிறதா, அடியில் குழாயோ கேபிளோ போகிறதா என்று முன்னமே விசாரித்துக்கொள்ளுங்கள். வேலையைக் குளிர்ந்த காலையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வெயிலில் வெட்டினால் இறுகி நிற்கும் ஸ்லாப்கள் வெட்டிய இடத்திலேயே நெருங்கி வந்து அறுக்கும் தட்டைக் கவ்விக்கொள்ளும். வெட்டுகிறவருக்கு அது ஆபத்து.

எடுத்த இடத்தில் அமுங்கும் நுரைப்பட்டை, மேலே ஜாயிண்ட் சீலண்ட், அதாவது நெகிழ்ந்து கொடுக்கும் அடைப்புப் பசை. வண்டி ஏறும்போது உறுத்தும் என்றால் அந்தப் பட்டையை இன்னும் அகலமாக எடுத்துவிட்டுத் தார்க்கலவை போடலாம். ஷெட் வாசல் ஜாயிண்டையும் சுரண்டி எடுத்து, மணலை ஊதித் தள்ளிவிட்டு, அதே மாதிரி நிரப்புங்கள். சீலண்ட் கிழிந்தால் மணல் புகும், மணல் புகுந்தால் கதை முதலிலிருந்து ஆரம்பிக்கும். அதனால் வருடத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஒரு கோடை, ஒரு குளிர் போகட்டும். திருகாணி அளவுகள் ஏறாமல் நின்றுவிட்டால் சுவரைத் திருத்திப் பூசலாம், தூண் பெயர்ந்திருந்தால் அதை மட்டும் பிரித்துக் கட்டலாம். வெட்டிய பட்டையின் அகலத்தையும் முதல் நாளே அளந்து நோட்டில் எழுதிவிடுங்கள். 8 சென்டிமீட்டராக இருந்தது சில வருடத்தில் 6 ஆனால் ஆச்சரியப்பட வேண்டாம், தெரு இன்னும் வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். வாய் முழுதாக மூடும் முன் இன்னொரு முறை வெட்டிவிட வேண்டியதுதான்.